வெந்நீரால் வீடு வேகுமா?

‘வெந்நீரால் வீடு வேகுமா?’ என்பது நம் முன்னோர் பழமொழி. வேகாது என்பதே அதற்கு விடை. ஆனால், அப்பழமொழியைச் சொன்னவர் கொழும்பிலே தொடர்மாடி வீட்டில் வாழ்ந்தவர் அல்லர். மாத முடிவிலே மின்கட்டணப் பட்டியலைக் கையில் வாங்கிப் பார்த்தவரும் அல்லர். பார்த்திருந்தால் விடையைச் சற்று மாற்றியிருப்பார்.

நான் தமிழ் கற்பிப்பவன். நன்னூலும் நைடதமும் என் தொழில். நீர் காய்ச்சுதல் என் தொழிலன்று. ஆயினும் ‘வெந்நீர்’ என்ற சொல்லோடு எனக்கு நெடுநாள் வழக்குண்டு. மாணாக்கர் இதனை ‘வெண்ணீர்’ என்றே எழுதுவர். வெம்மை வேறு, வெண்மை வேறு. வெம்மையும் நீரும் சேர்ந்தால் வெந்நீர். வெண்மையும் நீரும் சேர்ந்தால் வெண்ணீர். முன்னது சுடும், பின்னது வெளுத்திருக்கும். இதனை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி எழுதி, வெந்நீரைப் பற்றியே சிந்திக்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது போலும்.

கொழும்பு வெப்ப நகரம். அங்கு வெந்நீர் எதற்கு என்று யாழ்ப்பாணத்து அன்பர்கள் வினவுவர். நியாயமான வினா. ஆனால், முதியோர் இருக்கும் வீட்டிலே வெந்நீர் வேண்டும். பிள்ளை பெற்ற தாய்க்கு நொச்சியும் வேம்பும் இட்ட வெந்நீர் வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் நனைந்து இரவு ஏழு மணிக்கு வீடு சேரும் பிள்ளைக்கும், மூட்டு வாதம் உள்ளவருக்கும் அது வேண்டும். இவற்றுள் எதுவும் ஆடம்பரம் அன்று.

ஊரிலே இதற்கு ஒரு முறை இருந்தது. கொல்லையிலே கிடாரம், அதன் கீழே பொச்சுமட்டையும் ஊமலும். காசில்லை, கணக்கில்லை. கொட்டாஞ்சேனையின் நான்காம் மாடியிலே கிடாரத்தை எங்கே வைப்பது? ஊமலுக்கு எங்கே போவது? ஆதலினாலே குளியலறைச் சுவரில் ஒரு சிறு பெட்டி வந்து ஒட்டிக்கொண்டது. சுவிச்சைத் தட்டினால் உடனே வெந்நீர். விலையும் குறைவு. அச்சிறு பெட்டியைப் பற்றியும், அதற்கு மாற்றாக வரத்தக்கவை பற்றியுமே இங்கே பேசப் புகுகின்றேன்.

ஒரு குளிப்பின் கணக்கு

அயற் பாடசாலையிலே பௌதிகம் கற்பிக்கும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. ஒருநாள் மாலை அவரிடம் என் ஐயத்தைச் சொன்னேன். அவர் பென்சிலை எடுத்தார்.

“கொழும்புக் குழாய்நீர் ஏறத்தாழ 28 பாகை செல்சியஸ் இருக்கும். குளிப்பதற்கு 40 பாகை போதும். உயர்த்த வேண்டியது 12 பாகை மட்டுமே. ஒருவர் குளிக்க 40 லீற்றர் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு அரை அலகு மின்சாரத்துக்குச் சற்று மேலே செல்லும். வீட்டிலே ஐவர் என்றால் நாளொன்றுக்கு 2.8 அலகு, மாதத்துக்கு 84 அலகு.”

84 அலகு என்பது விளையாட்டன்று. மின்விளக்கும் விசிறியும் மட்டும் உள்ள சிறு குடும்பம் ஒன்று மாதம் முழுவதும் அவ்வளவு செலவிடாது. வீட்டு மின்கட்டணமோ படிப்படியாக ஏறுவது. அலகுகள் கூடக் கூட அலகின் விலையும் கூடும். வெந்நீருக்கான அலகுகள் மேற்படியிலே போய் நின்றுகொள்ளும். ஆகவே அவற்றுக்குக் கொடுக்கும் விலையே வீட்டில் மிக உயர்ந்த விலை.

இன்னொன்றும் அவர் காட்டினார். 40 லீற்றர் நீரை ஓடும்போதே பத்து நிமிடத்தில் சூடாக்குவதற்கு 3,350 வாற்று வலு வேண்டும். 9 வாற்று மின்குமிழ்கள் 370ஐ ஒருங்கே ஏற்றி வைத்தாற்போல! ஒருவர் குளித்து வரும் வரையில் அத்தனை விளக்குகளும் எரிகின்றன. அதுவும் எந்த வேளையில்? மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை மின்சாரத்தின் உச்சவேளை. நகரம் முழுவதும் விளக்கேற்றிச் சமைத்துக் கொண்டிருக்கும் வேளை. நாட்டின் மின்வழங்கலுக்கு மிக நெருக்கடியான அந்த வேளையிலேதான் நாமும் குளிக்கச் செல்கின்றோம்.

அம்மின்சாரம் வந்த வழியையும் நோக்குவோம். வடமேற்குக் கரையில் நுரைச்சோலையிலே நிலக்கரி எரிகின்றது. 2011இல் தொடங்கி 2014இல் நிறைவெய்திய அந்நிலையத்தின் வலு 900 மெகாவாற்று. அங்கே நெருப்பு மூட்டுவது எதற்கு? நீரைக் கொதிக்க வைப்பதற்கு. 500 பாகைக்கு மேற்பட்ட நீராவி சுழலியைச் சுழற்ற, மின்சாரம் பிறக்கின்றது. எரித்த வெப்பத்தில் மூன்றிலொரு பங்கு அளவே மின்சாரமாகின்றது. எஞ்சியது கடலுக்கும் காற்றுக்கும் போகின்றது. அந்த மூன்றிலொரு பங்கு கம்பி வழியாகக் கொழும்புக்கு வந்து என்ன செய்கின்றது? நம் குளியலறையிலே நீரை வெதுவெதுப்பாக்குகின்றது! நுரைச்சோலையில் நீரைக் கொதிக்க வைத்து, அதில் மூன்றில் இரண்டு பங்கை இழந்து, கொட்டாஞ்சேனையில் நீரை இளஞ்சூடாக்குகின்றோம். பட்டு வேட்டியால் தரையைத் துடைப்பவனைக் கண்டால் சிரிப்போம். இங்கே நம்மைக் கண்டு சிரிப்பவர் இலர், எல்லோரும் துடைக்கின்றோம்.

நம் மின்சாரம் முழுவதும் நிலக்கரியால் வருவதன்று. நீர்வீழ்ச்சியும் சூரியனும் காற்றும் பங்கு தருகின்றன. எனினும் உச்சவேளையிலே எண்ணெய் எரிக்கும் நிலையங்களையும் இயக்க நேர்கின்றது. ஆதலின் இக்குறை குறையே.

சுட்ட நீரும் சுடாத நீரும்

இனி, கொழும்பு மாடிவீட்டார் அனைவரும் அறிந்த செய்தி ஒன்றைச் சொல்லுகின்றேன். பங்குனி சித்திரையில் பின்னேரம் மூன்று மணிக்குக் குழாயைத் திறந்து பாருங்கள். கையைச் சுடும். கூரைமேல் இருக்கும் தண்ணீர்த் தாங்கியையும் அதிலிருந்து இறங்கும் குழாய்களையும் வெயில் காய்ச்சி வைத்திருக்கின்றது. காசு கேட்காமற் காய்ச்சித் தருகின்றது. ஆனால், அவ்வேளையில் நாம் தேடுவது குளிர்ந்த நீர்! இரவிலே வெந்நீர் வேண்டுமென்று போனால் அது ஆறிப்போய் இருக்கின்றது.

‘வெந்நீர்’ பண்புத்தொகை, ‘சுடுநீர்’ வினைத்தொகை. வினைத்தொகை முக்காலத்துக்கும் பொதுவானது. சுட்ட நீரும் சுடுநீர்; சுடுகின்ற நீரும் சுடுநீர்; சுடும் நீரும் சுடுநீர். நம் கூரைத்தாங்கியின் நீருக்கோ இறந்தகாலம் மட்டுமே உண்டு. அது பகலிலே சுட்டது, இரவிலே சுடாது.

ஆகவே கொழும்பில் வாழும் நமக்கு வெப்பத்தை உண்டாக்குதல் பெரிய சிக்கலன்று. பகலில் வந்த வெப்பத்தை இரவு வரை காத்து வைத்தலே சிக்கல். இந்தச் சிறு வேறுபாட்டை உணர்ந்தால் முழு விடயமும் விளங்கிவிடும்.

இதனை மேனாட்டார் உணர்ந்த வரலாறு சுவையானது. 1891இல் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரத்துக் கிளாரன்ஸ் கெம்ப் என்பவர் ‘கிளைமக்ஸ்’ என்ற சூரிய வெந்நீர்க் கருவிக்கு உரிமம் பெற்றார். கறுப்பு நிறம் பூசிய தாங்கிகளைக் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் வைத்தார், அவ்வளவுதான். பகலிலே நன்றாகச் சுட்டது. இரவானதும் ஆறியது. நம் கூரைத்தாங்கியின் கதையே அதற்கும். 1909இல் கலிபோர்னியாவிலே வில்லியம் பெய்லி என்பவர் அதனைத் திருத்தினார். வெப்பம் ஏற்கும் குழாய்களை ஒரு பெட்டியிலும், நீரைச் சேமிக்கும் தாங்கியை வேறாகவும் வைத்தார். தாங்கியைச் சுற்றி வெப்பம் வெளியேறாதபடி காப்பு இட்டார். தாங்கி மேலே, குழாய்ப்பெட்டி கீழே. சூடான நீர் பாரம் குறைந்து தானே மேலேறும்; குளிர்ந்த நீர் தானே கீழிறங்கும். பம்பி வேண்டாம், மின்சாரம் வேண்டாம். மறுநாட் காலையிலும் நீர் சுட்டது. அக்கருவிக்கு அவர் இட்ட பெயர் ‘பகலும் இரவும்’ என்று பொருள்படுவது. பெயரிடத் தெரிந்தவர்!

பின்னர் 1920களில் அந்நாட்டிலே இயற்கை எரிவாயு மலிந்தது. மலிந்ததும் மக்கள் சூரியனைக் கைவிட்டனர். மலிவு வந்தபோது விட்டதை, தட்டு வந்தபோது தேடுவது மனித இயல்பு. 1973இல் எண்ணெய் விலை ஏறியதும் பல நாடுகள் மீண்டும் கூரையை நோக்கின. 1980இல் இஸ்ரேல் நாடு, புதிதாகக் கட்டும் வீடுகளிலே சூரிய வெந்நீர்க் கருவி இருத்தல் வேண்டும் எனச் சட்டம் செய்தது. 2000ஆம் ஆண்டிலே ஸ்பெயினின் பார்சலோனா மாநகரும் அவ்வாறே புதிய கட்டடங்களுக்கு விதி வகுத்தது. பார்சலோனா வயல்வெளியன்று, நெருங்கிய மாடிவீடுகள் நிறைந்த நகரம் என்பதை நினைவிற் கொள்க.

நம் கணக்கையும் பார்ப்போம். ஐவர் உள்ள குடும்பத்துக்கு 58 பாகையிலே 80 லீற்றர் நீர் சேமித்தால் போதும்; குழாய்நீரோடு கலந்தால் அது 40 பாகையில் 200 லீற்றர் ஆகும். அவ்வளவையும் காய்ச்சுவதற்கு நம் நாட்டு வெயிலில் 2 சதுர மீற்றர் பரப்புப் போதும். 2 சதுர மீற்றர் என்பது எவ்வளவு? ஒருவர் படுத்துறங்கும் பாயை விரிக்க வேண்டிய இடம். ஒரு குடும்பத்தின் வெந்நீருக்கு ஒரு பாயளவு வெயில், அவ்வளவே.

ஒன்று கொடுத்து மூன்று பெறுதல்

கூரையே இல்லாதவர் என்செய்வது? கீழ்மாடியில் இருப்பவரின் கூரை மேல்மாடிக்காரரின் தரையன்றோ! அவர்களுக்கென வந்ததே வெப்பப் பம்பி என்னும் கருவி.

குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்தையோ பக்கத்தையோ தொட்டுப் பாருங்கள். சுடும். பெட்டிக்குள் இருந்த வெப்பத்தை அது வெளியே தள்ளுகின்றது. இதனைத் திருப்பி வைத்தால் வெப்பப் பம்பி. வெளிக்காற்றிலே உள்ள வெப்பத்தை வாரி எடுத்து, தாங்கியிலுள்ள நீருக்குள் தள்ளுகின்றது. மின்சாரம் இங்கே வெப்பத்தை உண்டாக்குவதில்லை, சுமந்து வருகின்றது. ஒரு சுமையாளுக்கு ஓர் அலகு மின்சாரத்தைக் கூலியாகக் கொடுத்தால், அவன் காற்றிலிருந்து இரண்டு அலகு வெப்பத்தைத் தூக்கி வருவான். அவன் கூலியும் வெப்பமாகி நீரிலே சேரும். ஆக மூன்று அலகு. மாதம் 84 அலகு வேண்டிய இடத்தில் 28 அலகு போதும்.

இக்கருத்து புதியதன்று. வெப்பத்தை இவ்வாறு பெயர்க்கலாம் என்று வில்லியம் தொம்சன் என்ற பேரறிஞர் 1852இல் எடுத்துரைத்தார். கெல்வின் பிரபு எனப் பின்னர் புகழ்பெற்றவர் அவரே. 1850களிலேயே ஒஸ்திரியாவில் பீட்டர் றிட்டிங்கர் என்பவர் உப்புக் காய்ச்சும் ஆலைக்கு இக்கொள்கையைப் பயன்படுத்தினார். ஜப்பானியர் 2001இல் கரியமிலவாயுவையே ஊடகமாகக் கொண்ட வீட்டு வெந்நீர்ப் பம்பியைச் சந்தைக்குக் கொணர்ந்தனர். 50 இலட்சத்துக்கும் மேற்பட்டவை அந்நாட்டிலே விற்பனையாகியுள்ளன. அவுஸ்திரேலியாவில் வாழும் நம் உறவினர் பலரும் எரிவாயுவை விட்டு இதற்கு மாறி வருகின்றனர்.

குளிர்நாட்டிலே இக்கருவி சற்று வருந்த வேண்டும். பனிக்காற்றிலிருந்து வெப்பத்தைப் பிழிந்தெடுக்க வேண்டும். நம் நகரிலோ காற்றே 30 பாகை. இங்கு அதற்கு வேலை எளிது. அன்றியும், வெப்பம் எடுக்கப்பட்ட காற்றுக் குளிர்ந்து வெளியேறும். பின்விறாந்தையிலே வைத்தால் விறாந்தை சிறிது குளிரும். வெந்நீர் கேட்ட வீட்டுக்குக் குளிர்காற்றும் கிடைக்கும்.

குறைகளையும் மறைத்தல் ஆகாது. சுவரில் ஒட்டும் சிறு பெட்டியைவிட இதன் விலை பன்மடங்கு. காற்றோட்டமான இடம் வேண்டும். விசிறியும் கொம்பிரசரும் ஓசை எழுப்பும். அயல்வீட்டார் உறங்கும் சன்னலுக்கு நேரே வைத்தால் வெந்நீரோடு வழக்கும் வரும். கடலருகே வெள்ளவத்தை போன்ற இடங்களிலே உப்புக்காற்று உலோகத்தை அரிக்கும். அதற்கேற்ற காப்புள்ளதா எனக் கேட்டு வாங்கல் வேண்டும். ஒரு நன்மையும் உண்டு. களனி ஆற்றிலிருந்து வரும் கொழும்பு நீர் மென்னீர். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்பு நீர் கேத்தலின் அடியிலே வெள்ளைப் படையாக ஒட்டுவது போல் இங்கே எளிதில் ஒட்டாது.

கூரை யாருடையது?

இதுவரை சொன்னவை கருவியின் பாடம். இனிச் சொல்லுவது மனிதர் பாடம். இது கடினமானது.

நான் வாழும் தொடர்மாடி நான்கு மாடியுடையது, வீடுகள் 16. 2022 சித்திரை மாதத்தை நாட்டிலே எவரும் மறந்திருக்க மாட்டார். அதற்குச் சற்று முன்னரே நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு நிகழ்ந்தது. எரிவாயுச் சிலிண்டருக்கு வீதி நெடுக வரிசை. அந்நாட்களில் எங்கள் மாடியில் ஒரு பெண் பிள்ளை பெற்று வீடு வந்தாள். சிசுவைக் குளிப்பாட்ட வெந்நீர் இல்லை. விறகு மூட்ட இடமும் இல்லை. கீழ்மாடியில் வாடகைக்கு இருக்கும் முதிய அம்மையார் ஒருவர், தம் பித்தளைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு படியேறிக் கூரையிலே வைத்தார். ஊரிலே பச்சைப்பிள்ளைக்குத் தண்ணீரை முற்றத்து வெயிலில் வைத்து வார்ப்பது வழக்கமன்றோ? அம்மாத முற்பகுதியில் நம் நாட்டிலே சூரியன் நண்பகலிலே உச்சந்தலைக்கு நேரே நிற்கும் காலம். ஒன்றரை மணி நேரத்தில் நீர் இளஞ்சூடாயிற்று. மறுநாள் கூரையிலே பதினொரு பாத்திரங்கள் இருந்தன. சிங்கள வீட்டாரின் பாத்திரமும், முஸ்லிம் வீட்டாரின் பாத்திரமும், எம்மவர் பாத்திரமும் ஒரே வெயிலைப் பங்கிட்டுக் கொண்டன. எவரும் எவரையும் ‘இது யார் கூரை?’ என்று கேட்கவில்லை.

மின்சாரம் மீண்டது. எரிவாயு வந்தது. பாத்திரங்கள் இறங்கின. ‘எல்லோரும் சேர்ந்து கூரையிலே சூரிய வெந்நீர்க் கருவி வைத்தால் என்ன?’ என்று சிலர் பேச்செடுத்தனர். உடனே வினாக்கள் எழுந்தன. தொடர்மாடி உடைமை பற்றிய சட்டம் நம் நாட்டிலே 1973இல் வந்தது. அம்முறையிலே கூரை பொதுவானது. ஒருவர் தம் விருப்பப்படி ஆளுதல் இயலாது. ஆகவே கூட்டம் கூடல் வேண்டும். மூன்று கூட்டம் கூடினோம்.

முதல் மாடியார் சொன்னார்: “கூரையிலிருந்து எம்மிடம் வர நீண்ட குழாய் வேண்டும். சூடு வருமுன் குளிர்நீர் வீணாகும்.” உண்மையே. அரை அங்குலக் குழாயின் பத்து மீற்றர் நீளத்திலே ஒன்றரை லீற்றருக்கு மேல் நீர் நிற்கும். குழாய்க்குக் காப்புறை இடாவிட்டால் வழியிலே வெப்பமும் போகும்.

வீட்டு உரிமையாளர் ஒருவர் சொன்னார்: “நான் அங்கே குளிப்பதில்லை. வாடகைக்காரர் குளிக்கின்றார். அவருக்காக நான் ஏன் பணம் இடல் வேண்டும்?”

வாடகைக்காரர் சொன்னார்: “வீடு என்னுடையதன்று. அடுத்த ஆண்டு எங்கிருப்பேனோ! நான் ஏன் இடல் வேண்டும்?”

இருவரும் நியாயமே பேசினர். இரண்டு நியாயங்களுக்கும் நடுவே சுவரில் ஒட்டிய சிறு பெட்டி நிலைபெற்றது. பெட்டியை வாங்குபவர் ஒருவர். பட்டியலைச் செலுத்துபவர் வேறொருவர். ஆதலால் வாங்குபவர் மலிந்ததையே வாங்குகின்றார். உலகத்து நகரங்கள் பலவற்றிலும் நல்ல கருவிகள் வீட்டுக்குள் நுழையாமைக்கு இதுவே பெருங்காரணம்.

குடம் தூக்கிய அம்மையார் கூட்டத்தின் ஓரத்திலே இருந்தார். கடைசியிலே என்னைப் பார்த்து, “பண்டிதர் ஐயா, வெயில் எல்லாற்றை தலையிலையும்தானே விழுகுது. அதுக்கு ஏன் இவ்வளவு கூட்டம்?” என்றார். எவரும் விடை கூறவில்லை.

முடிவிலே மேலிரு மாடிகளைச் சேர்ந்த ஆறு வீட்டார் சேர்ந்து கருவி வைத்தனர். அவ்வாறில் என் வீடும் ஒன்று. இரண்டாம் மாடி வீடொன்று வெப்பப் பம்பி வைத்தது. ஒன்பது வீடுகளில் பழைய பெட்டியே. அவ்வொன்பதில் அம்மையாரின் வீடும் ஒன்று. மின்கட்டணம் உயர்ந்தபின் அவர் பெட்டியின் சுவிச்சைத் தட்டுவதில்லை. மூட்டு நோவோடு பச்சைத்தண்ணீரிலே குளிக்கின்றார். வெயிலில் நீர் வைக்கலாம் என்று எங்களுக்குக் காட்டியவருக்கே வெந்நீர் இல்லை. நான் இக்கட்டுரை எழுதுவதற்குக் காரணம் இதுதான்.

செய்யத்தக்கவை

வீட்டுடையாரும் வாடகையாரும் எதிரிகளல்லர். கருவியால் மாதந்தோறும் மிஞ்சும் பணத்தைக் கணக்கிட்டு, அதிலொரு பங்கைச் சில ஆண்டுகளுக்கு வாடகையோடு சேர்த்துக் கொடுப்பது என எழுத்திலே உடன்பட்டால் இருவருக்கும் நன்மை. உரிமையாளரின் முதல் திரும்பும். வாடகைக்காரரின் பட்டியல் குறையும். எங்கள் மாடியிலே இதனை இப்பொழுது பேசி வருகின்றோம்.

புதிதாக மாடி கட்டுவோருக்கு ஒன்று கூறுவேன். குழாய்வழியை முன்னரே விடுங்கள். கூரையிலே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பாயளவு இடத்தைப் பத்திரத்திலேயே எழுதிக் கொடுங்கள். கட்டும்போது செய்தால் சிறுசெலவு. கட்டியபின் செய்தால் சுவரையும் உடைக்க வேண்டும், உறவையும் உடைக்க வேண்டும்.

கருவி வாங்குவோர் மூன்றை மறத்தல் ஆகாது. முதலாவது, சேமித்து வைக்கும் வெந்நீரை மிகக் குறைந்த சூட்டிலே நாட்கணக்காக வைத்தல் தீது. 20 முதல் 45 பாகை வரையிலான தேங்கிய நீரிலே லெஜியோனெல்லா என்னும் கிருமி பெருகும். 1976இல் பிலடெல்பியாவிலே பலரைக் கொன்று தன்னை அறிவித்த கிருமி அது. தாங்கி நீர் 60 பாகைக்கு ஏறல் வேண்டும். இரண்டாவது, 60 பாகை நீர் ஐந்தாறு விநாடியிலே தோலை வேகவைக்கும். ஆகவே குளிர்நீர் கலந்து தரும் வால்வு இன்றி முதியோரையும் பிள்ளைகளையும் அதன் கீழே விடுதல் கூடாது. மூன்றாவது, எந்தக் கருவியாயினும் நிலக்கம்பியும் டிரிப் சுவிச்சும் சரிவர இருத்தல் வேண்டும். நீரும் மின்சாரமும் அடுத்தடுத்து இருக்கும் இடம் குளியலறை.

இவற்றுள் எதற்கும் இப்போது பணமில்லாதவரும் சில செய்யலாம். தாங்கியுள்ள பழைய ஹீட்டர் ஆயின் நாள் முழுவதும் விட்டுவையாது, வேண்டுமுன் மட்டும் போடலாம். எவரும் குளியாத வேளையிலும் அது வெப்பத்தை இழந்து மீண்டும் மீண்டும் மின்சாரம் குடிக்கும். குழாய்களுக்குக் காப்புறை இடலாம். முதியோரும் பிள்ளைகளும், கூரைத்தாங்கியின் நீர் தானே சுடும் நான்கு ஐந்து மணிக்குக் குளித்துவிடலாம். அப்போது உச்சவேளையும் தொடங்கியிராது, பட்டியலும் ஏறாது. நுவரெலியாவில் இருப்பவருக்கு இது பொருந்தாது. அங்கே குழாய்நீர் மிகக் குளிர்ந்தது. ஆதலின் அங்கு நல்ல கருவியின் பயன் இன்னும் பெரிது.

ஒவ்வொரு மாடியிலும் கூரை காய்ந்து கொண்டிருக்கின்றது. ஒவ்வொரு மாடியிலும் கீழே ஒருவர் பச்சைத்தண்ணீரிலே குளித்துக் கொண்டிருக்கின்றார். இரண்டுக்கும் இடையே உள்ளவை நான்கு மாடிப் படிகளும் ஓர் உடன்படிக்கையும் மட்டுமே. அன்பர்கள் தத்தம் மாடியிலே அடுத்த கூட்டம் கூடும்போது, கருவியின் விலையைக் கேட்பதற்கு முன்னர், கீழ்வீட்டிலே யார் இருக்கின்றார் என்று ஒருமுறை கேட்பார்களாக.